என்ஜின் போனால் வண்டி நிற்கும்; ஸ்டீயரிங் போனால்?

தாதர் ரயில் நிலையத்தில் பெட்டியும் படுக்கையுமாக இறங்கி வெளியே வந்த நம்மவர்களை ஒரு காலத்தில் முதலில் வரவேற்றது, கறுப்பும் மஞ்சளுமாக வரிசையில் நின்ற பியட் டாக்ஸிதான். சாமானைத் தலைமேல் கட்டிக்கொண்டு தாராவிக்கும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் நம் குடும்பங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி அது.

இன்று அந்த வண்டி டாக்ஸி வரிசையில் இல்லை. கடைசி 'பத்மினி' டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. டாக்ஸிக்கு அரசு வைத்த 20 வருட வரம்பு முடிந்ததால், 2023 அக்டோபர் இறுதியில் அதுவும் விடைபெற்றது. 1990-களின் பிற்பகுதியில் மும்பையில் சுமார் 63,000 டாக்ஸிகள் ஓடின. அவற்றில் பெரும்பாலானவை இந்த இனம்தான்.

இத்தனை வருடம் அவை எப்படி ஓடின? அந்த ரகசியம் கம்பெனியில் மட்டும் இல்லை. தெருவோரப் பட்டறைகளிலும் இருந்தது.

குர்லாவில் பிறந்த வண்டி

தாதரிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் குர்லா. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. இத்தாலியின் பியட் கம்பெனியோடு செய்த ஒப்பந்தத்தின்படி 1964-ல் 'பியட் 1100 டிலைட்' வந்தது. பிறகு அதுவே 'பிரிமியர் பிரசிடெண்ட்' ஆயிற்று. 1974-ல் சித்தூர் ராணி பத்மினியின் பெயர் வைக்கப்பட்டது. 2001-ல் உற்பத்தி நின்றது.

அந்தக் காலத்தில் புதுக் கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கையில் இருக்கும் வண்டியைச் செப்பனிட்டு ஓட்டுவதே வழி என்றானது. மெக்கானிக்கின் கைத்தொழில் வளர்ந்ததும் அதனால்தான். கழற்றிய பழைய பாகங்களுக்குக் குர்லா சி.எஸ்.டி. ரோடும் சோர் பஜாரும் பெயர் பெற்றன.

என்ஜின் இறக்குதல்

பத்மினியின் என்ஜின் சிறியது. நான்கு சிலிண்டர், 1,089 சி.சி. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 75 மில்லிமீட்டர். எலெக்ட்ரானிக் பெட்டி எதுவும் கிடையாது. கண்ணும் காதும் அளவுகோலும் இருந்தால் போதும்.

சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். அடியில் 'டக் டக்' என்று தட்டினால் பேரிங் போயிருக்கிறது. ரிங்கும் பேரிங்கும் மாற்றுவதைப் பட்டறையில் 'ஆஃப் என்ஜின்' என்பார்கள். சிலிண்டரைக் கடைந்து, கிராங்க் ஷாப்டையும் தேய்த்து எடுத்தால் 'ஃபுல் என்ஜின்'.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மேல்பக்கம் அதிகமாகத் தேயும். வட்டமும் சற்று நீள்வட்டமாகிவிடும். அதில் புது ரிங்கை மட்டும் போட்டால் சில மாதத்தில் மறுபடியும் புகை வரும். டயல் கேஜ் வைத்து அளந்து, தேய்மானம் மிஞ்சியிருந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். பலமுறை கடைந்து இனி இடமில்லை என்றால் உள்ளே ஸ்லீவ் இறக்குவார்கள். ஒரு மில்லிமீட்டரில் சில பங்குதான் வித்தியாசம். அந்தச் சில பங்கில்தான் டாக்ஸிக்காரரின் பல வருடச் சோறு இருந்தது.

2000-களின் தொடக்கத்தில் பழைய டாக்ஸிகள் கோர்ட்டு உத்தரவுப்படி சி.என்.ஜி.க்கு மாறின. காற்றுக்கு நல்லது. ஆனால் பெட்ரோல் போல ஈரம் இல்லாத அந்த வாயுவில் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும். வால்வு இடைவெளியை அடிக்கடி பார்ப்பது மெக்கானிக்குக்குப் புது வேலையாயிற்று.

யாரும் கேட்காத ஸ்டீயரிங்

என்ஜின் கெட்டால் புகையும் சத்தமும் காட்டிக் கொடுத்துவிடும். ஸ்டீயரிங் அப்படியல்ல. தினம் கொஞ்சமாகத் தேயும். ஓட்டுபவரின் கையும் தினம் கொஞ்சமாக அதற்குப் பழகிக்கொள்ளும். புதிதாக ஒருவர் ஓட்டிப் பார்த்தால்தான் பயம் தெரியும்.

சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடுவதை 'ப்ளே' என்கிறோம். மோட்டார் வாகன விதி இதற்கு 30 டிகிரி வரை இடம் கொடுக்கிறது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி அது. அதற்கு மேல் போனால் வண்டி சாலைக்கு லாயக்கில்லை.

ப்ளே எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் கிங் பின்னோ சக்கர பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பெரும்பாலும் டை ராடின் பந்து மூட்டு. இரண்டும் சரியாக இருந்தால்தான் ஸ்டீயரிங் பாக்ஸைத் தொட வேண்டும்.

ஆனால் அவசரப் பட்டறைகளில் நேராக பாக்ஸின் அட்ஜஸ்ட் திருகைத்தான் முறுக்குவார்கள். ஐந்து நிமிட வேலை. ஆட்டம் போய்விட்டது போலத் தோன்றும். இதில்தான் ஆபத்து. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸின் உட்பகுதி நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவுக்கேற்ப இறுக்கினால் திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும். திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. தேய்ந்த பந்து மூட்டோ அப்படியே இருக்கும். அது ஒருநாள் கழன்றால் சக்கரம் ஓட்டுபவரின் பேச்சைக் கேட்காது.

என்ஜின் போனால் வண்டி ஓரமாக நிற்கும். ஒருநாள் வருமானம் போகும். ஸ்டீயரிங் போனால் உள்ளே இருப்பவரின் உயிரும், தெருவில் நடப்பவரின் உயிரும் கேள்விக்குறி. ஆகவே பழைய வண்டிக்குச் செலவு செய்யப் பணம் குறைவாக இருந்தால் முதலில் ஸ்டீயரிங், பிரேக், பிறகுதான் என்ஜின். டை ராடை வெல்டிங் வைத்து ஒட்டுவதும், வளைந்ததைச் சூடாக்கி நிமிர்த்துவதும் கூடவே கூடாது. அந்த இடத்தில் புதுப் பாகம்தான்.

கை வித்தை வீணாகாது

பத்மினி டாக்ஸி போனதோடு அந்த வேலை தெரிந்தவர்களுக்கு இடமில்லாமல் போய்விட்டதா? சொந்த உபயோகத்துக்கான பழைய கார்கள் 15 வருடம் கழிந்தும், தகுதிச் சோதனையில் தேறினால் மறுபதிவு பெற்று ஓடலாம். அவற்றை ஆசையாக வைத்திருப்பவர்கள், அளந்து வேலை செய்யும் மெக்கானிக்கைத் தேடுகிறார்கள்.

புது வண்டிகளில் ஸ்டீயரிங்கின் அமைப்பு மாறிவிட்டது. மின்சார மோட்டாரின் உதவியும் வந்துவிட்டது. ஆனாலும் பந்து மூட்டு இருக்கிறது. அது தேயவும் செய்கிறது. பெட்ரோல், சி.என்.ஜி. வண்டி ஓடும்வரை ரிங்கும் பேரிங்கும் வால்வும் இருக்கும்.

பட்டறையில் ஸ்பானர் பிடிக்கும் நம் பையன்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். காதால் கேட்டுச் சொல்வது பாதி வித்தை; கேஜ் வைத்து அளந்து சொல்வது மீதிப் பாதி. ஐ.டி.ஐ.களில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். பட்டறை அனுபவத்தோடு அந்தச் சான்றிதழும் சேர்ந்தால் எந்தக் கம்பெனி வாசலிலும் தைரியமாக நிற்கலாம்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை கேரேஜுக்குப் போகும்போது, "என்ஜின் எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் முன், "முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அந்தச் சோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும்.