மண் அணைக்குப் பொறுப்பாளர் யார்?

ஓடையை மறித்து, மண்ணால் கரை எழுப்பி, பாசனத்திற்கென நீரைத் தேக்கி வைப்பது தோட்டங்களிலும் பண்ணைகளிலும் நெடுங்கால வழக்கம். பெரிய அணைக்கட்டுகளைப் பொறியாளர்கள் இடைவிடாது கண்காணிக்கின்றனர். தனியார் கட்டிய சிறு மண் அணைகளோ பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. ‘சிறியதுதானே’ என்னும் எண்ணம் எத்தகைய கேட்டினை விளைவிக்கும் என்பதற்கு ஹவாயில் நிகழ்ந்த விபத்து ஒரு சான்றாகும்.

ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில், கரும்புத் தோட்டத்திற்கு நீர் வழங்குவதற்காக 1890ஆம் ஆண்டில் கலோக்கோ என்னும் மண் அணை கட்டப்பட்டது. தோட்டம் நடந்த காலத்தில் அணையும் கால்வாய்களும் அதன் உடைமைகளாக இருந்தன. 1971இல் கரும்புக் கம்பெனி மூடப்பட்டது. நிலம் கைமாறியது. அணை மட்டும் நீர் நிறைந்து அங்கேயே நின்றது.

2006ஆம் ஆண்டில் அத்தீவில் பல வாரங்கள் அடைமழை பெய்தது. மார்ச் 14ஆம் நாள் விடியுமுன் கரை உடைந்தது. பாய்ந்து வந்த வெள்ளத்தில், கீழே வாழ்ந்த 7 பேர் உயிரிழந்தனர்.

காரணம் என்ன? மண் கரைக்குப் பெரும்பகை, அதன் தலைமேல் வழிந்தோடும் நீரே. கல்லணையின் மீது நீர் வழிந்தால் அணை தாங்கும்; மண் கரையையோ அது சிறிது சிறிதாக அரித்துப் பிளந்துவிடும். ஆகையால், மிகுந்த நீர் பக்கவாட்டில் வெளியேறுவதற்குக் கலிங்கு அமைப்பார்கள். கலோக்கோவில் கலிங்கு காணப்படவில்லை. அது மண்ணிட்டு மூடப்பட்டிருக்கக்கூடும் என விசாரணை அறிக்கை கூறிற்று. அணையைச் சோதிக்கத் தவறிய அரசுத் துறையும் குறைகூறப்பட்டது. நில உரிமையாளர் 2014இல் சிறைத்தண்டனை பெற்றார்.

அந்த அணை ‘குறைந்த அபாயமுடையது’ என வகைப்படுத்தப்பட்டிருந்தது. இத்தகைய வகைப்பாடு கரையின் வலிமையைக் குறிப்பதன்று. கரை உடைந்தால் கீழே நேரக்கூடிய இழப்பைக் குறிப்பதாகும். எனவே, கீழ்ப்புறத்தில் வீடுகள் எழும்போது பழைய மதிப்பீடு பொருந்தாமல் போகும்.

இனி, உரிமை பற்றிய வினா. தம் நிலத்தில் நீரைத் தேக்குபவர், அது தப்பிச் சென்று பிறர்க்குத் தீங்கிழைத்தால் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கொள்கையை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1868இலேயே நிலைநாட்டியது. ஒருவரது நீர்த்தேக்கம் அண்டை நிலத்தாரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கு அது. நிலத்தை வாங்குவோர் அதிலுள்ள அணையையும் பராமரிப்புக் கடமையையும் சேர்த்தே வாங்குகின்றனர் என்பதை மறத்தலாகாது. உரிமை பலரிடையே பிரிந்திருந்தால், கலிங்கைத் துப்புரவு செய்பவர் யார், மதகைத் திறப்பவர் யார் என்பதை எழுத்தில் வரையறுத்துக் கொள்வதே அறிவுடைமை.

குடியிருப்புக்கு மேற்புறத்தில் மண் கரை இருப்பின், பின்வரும் அறிகுறிகளைக் கவனித்தல் வேண்டும்:

1. கலிங்கில் குப்பை, மரக்கிளை, மண் அடைத்திருத்தல்.

2. கரையில் பெருமரங்கள் வளர்தல். பட்டுப்போன வேர்கள் நீர் புகும் வழிகளாகிவிடும்.

3. எலி முதலிய பிராணிகள் வளை தோண்டியிருத்தல்.

4. கரையின் உச்சியில் வெடிப்போ தாழ்வோ தோன்றுதல்.

5. கரையின் அடியில் நீர் கசிதல். தெளிந்த கசிவையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். கலங்கிய நீர் கசிந்தால், கரையின் உள்மண் அரிக்கப்படுகிறது என்பது பொருள்.

முதல் நான்கினையும் கண்டவுடன் தோட்ட நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; தொழிற்சங்கக் கிளையின் வாயிலாகவும் தெரிவிக்கலாம். கலங்கிய நீர் பெருகினாலோ, கரைமேல் நீர் வழிந்தாலோ, கடிதம் எழுதிக் கொண்டிருக்க நேரமில்லை. குழந்தைகளையும் முதியோரையும் உடனே மேட்டு நிலத்திற்கு அழைத்துச் சென்று, 999 என்னும் எண்ணுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கரையைப் பார்க்க எவரும் அருகே செல்லலாகாது.

அணையின் உரிமையாளர் ஒருவராக இருக்கலாம். அதன் கீழே உறங்குவோர் பலர். கரையைக் காப்பது உரிமையாளரின் கடமை. கண்ட குறையைக் காலத்தே எடுத்துரைப்பது கீழே வாழ்வோரின் உரிமை.