உங்களுக்குத் தெரியுமா? செஞ்சியை கேம் மேப்பில் இறக்கினால்...

கேமுக்குச் சொந்தமாக மேப் செய்கிறவர்கள் நிலத்தின் மேடுபள்ளத்தை ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் கொடுக்கிறார்கள். அதற்கு ‘ஹைட்மேப்’ என்று பெயர். கறுப்பு என்றால் பள்ளம், வெள்ளை என்றால் சிகரம், நடுவிலிருக்கும் சாம்பல் நிறங்கள் இடைப்பட்ட உயரங்கள்.

✦ அந்தச் சாம்பலில் எத்தனை படிகள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 8 பிட் படத்தில் 256, 16 பிட் படத்தில் 65,536. ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ கேமில் மொத்த உயரம் 1,024 மீட்டர். 8 பிட் படம் கொடுத்தால் ஒரு படி 4 மீட்டர். செஞ்சிக் கோட்டை மலைகளில் சுமார் 240 மீட்டர் உயரமுள்ள ராஜகிரிக்கு அறுபது படிதான் கிடைக்கும்; மலைச்சரிவு கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி வரும். மலையாவது பரவாயில்லை. ஓராள், ஈராள் உயரமுள்ள ஏரிக்கரை ஒரே படிக்குள் அடங்கிக் காணாமல் போகும். 16 பிட்டில் ஒரு படி ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம்.

✦ ஒரு கட்டைக்கு ஒரு மீட்டர் என்று ‘மைன்கிராஃப்ட்’டில் ராஜகிரியைக் கட்ட 2021 நவம்பர் வரை இடமே போதவில்லை. அதில் கடல்மட்டம் 63. சமவெளியை அங்கே வைத்தால் உச்சி 303-க்குப் போகும். அப்போதைய உச்சவரம்போ 256. பிறகு வந்த 1.18 பதிப்பு கூரையை 320-க்கு உயர்த்தியது. இப்போது கோட்டைக்கு மேலே கொஞ்சம் வானமும் மிஞ்சும்.

✦ சீயமங்கலத்துக் குடைவரையை ஹைட்மேப்பில் வரையவே முடியாது. தேசூர் பக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் அது. அவனிபாஜன பல்லவேச்சரம் என்று பெயர். ஹைட்மேப்பில் ஒரு புள்ளிக்கு ஒரே உயரம்தான். குகைக்கோ தரை ஒன்று, கூரை ஒன்று, அதற்கும் மேலே பாறையின் முதுகு என்று மூன்று வேண்டும். அதனால் நிலத்தில் ஓட்டை போட்டு, குகையைத் தனி உருவமாகச் செய்து செருகுகிறார்கள். ‘யூனிட்டி’ மென்பொருளில் இந்த ஓட்டை போடும் வசதியே 2019.3 பதிப்பில்தான் வந்தது.

✦ நிஜ உயரங்கள் எங்கே கிடைக்கும்? 2000 பிப்ரவரியில் ‘எண்டவர்’ விண்கலம் 11 நாள் சுற்றி, உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதத்தை ரேடாரால் அளந்தது. அந்தத் தரவு இலவசம். ஆனால் ஒரு புள்ளி சுமார் 30 மீட்டர். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் மரப்பாலத்தால் தாண்டும் பிளவு ஒன்று உண்டே, கோட்டையின் பலமே அதுதான், அது இந்தத் தரவில் விழாது. கையால்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: ரேடாருக்குத் தெரிவது நீரின் மேற்பரப்பு மட்டுமே. ஏரியின் அடி எவ்வளவு ஆழம் என்று அது சொல்லாது.

✦ பல எடிட்டர்களில் தண்ணீருக்கு ஒரே ஒரு எண். 40 என்று போட்டால் 40-க்குக் கீழுள்ள பள்ளமெல்லாம் நிறைந்துவிடும். கடலோர ஊருக்கு இது போதும். செஞ்சிக்குச் சரிப்படாது. மலைமேல் சுனை ஒரு மட்டம். கீழே சக்கரக்குளம், செட்டிக்குளம், கல்யாண மகால் பக்கத்து ஆனைக்குளம் ஒவ்வொன்றும் ஒரு மட்டம். சுனைக்கு நிறையும்படி எண்ணைக் கொடுத்தால் கோட்டையே முழுகிப்போகும். ஒவ்வொரு நீர்நிலையையும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும்.

சரி, ஏரிக்கு மட்டத்தை எதைப் பார்த்து வைப்பது? கரையைப் பார்த்து வைப்பவர்களே அதிகம்; அது தப்பு. ஏரியில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்பதை முடிவு செய்வது கலிங்கு, அதாவது மிகைநீர் வழிந்தோடும் கல்கட்டு. கரை அதைவிட உயரமாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பெருமழைக்கு உடைந்துவிடும். பழைய கலிங்குகளின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் சமயத்தில் அந்தக் கற்களுக்கிடையே மண்ணையும் தழையையும் அடைத்து மட்டத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்வது வழக்கம். அந்தக் கூடுதல் ஓரடிக்காக மேல்பக்கத்து நிலக்காரர்களோடு சண்டை வருவதும் உண்டு. கலிங்கு தாண்டிய நீர் கீழ் ஏரிக்குப் போவதால், கீழ் ஏரியின் கலிங்கு எண் எப்போதும் குறைவாகவே இருக்க வேண்டும்.

புதிதாக மேப் செய்கிறவர்கள் ஏரி என்றால் கிண்ணம் போலத் தோண்டி நாலாபக்கமும் கரை எழுப்புகிறார்கள். நம் ஏரிக்குக் கரை தாழ்ந்த பக்கத்தில் மட்டும்தான். மேட்டுப்பக்கம் திறந்து கிடக்கும். தண்ணீர் நிலத்தோடு நிலமாகப் போய் முடியும். இதை ஒழுங்காகச் செய்தாலே மேப்புக்குத் தமிழ்நாட்டுக் களை வந்துவிடும்.

✦ ஆற்றுக்கு ஒற்றை மட்டம் கிடையாது. செஞ்சி வழியாக ஓடும் சங்கராபரணி கிழக்கே வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. வழிநெடுகப் படுகை இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு புள்ளி உயர்ந்தாலும், நீரோட்டம் உள்ள கேமில் அங்கே ஆறு தேங்கி ஏரியாகிவிடும்.

✦ உயரம் வெறும் அழகுக்கு மட்டுமல்ல. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-இல் மேட்டிலிருந்து தாக்கினால் சேதம் 25 சதவீதம் கூடும், பள்ளத்திலிருந்து தாக்கினால் 25 சதவீதம் குறையும். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகார் கான் 1690-இல் முற்றுகையிட்டும் 1698 வரை செஞ்சி விழவில்லை. அதற்கு மலை மட்டுமே காரணமல்ல. ஆனால் அந்த 25 சதவீதம் ரொம்பக் கஞ்சத்தனம் என்றே தோன்றுகிறது.

✦ இஸ்ரோ 2005-இல் அனுப்பிய கார்ட்டோசாட்-1 எடுத்த படங்களிலிருந்து செய்த உயரத் தரவு ‘புவன்’ தளத்தில் இலவசம். பதிவு செய்துகொண்டால் போதும். செஞ்சிக் கட்டத்தை இறக்கிப் பாருங்கள். கலிங்கு எண்களை மட்டும் ஊர்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.