வேண்டாம் என்று சொல்ல ஓர் இடம்

1984 ஏப்ரல் 3 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பிய சோயுஸ் டி-11 கலத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ராகேஷ் சர்மாவை நமக்கு நன்றாகத் தெரியும்; நம் பள்ளிப் பொது அறிவுப் புத்தகத்திலேயே இடம்பிடித்தவர். கமாண்டர் யூரி மாலிஷெவ். மூன்றாவது இருக்கையில் இருந்த கென்னாதி ஸ்திரெகாலொவை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆறு மாதத்துக்கு முன்புதான் அவர் சாவின் வாசல்வரை போய்த் திரும்பியிருந்தார்.

1983 செப்டம்பர் 26 இரவு. ஸ்திரெகாலொவும் விளாதிமிர் தீத்தொவும் ராக்கெட்டின் உச்சியில், கலத்துக்குள் வாரால் கட்டப்பட்டுக் காத்திருந்தார்கள். ஏவ இன்னும் ஒன்றரை நிமிடம்தான். கீழே ஒரு வால்வு சரியாக மூடாததால் எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. கலத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே தூக்கும் தப்பிக்கும் ராக்கெட்டுக்குக் கட்டளை கொண்டுபோகும் கம்பிகளும் அந்தத் தீயில் வெந்துபோயின. உள்ளே இருந்தவர்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. ரேடியோ வழியே கட்டளை அனுப்ப வேண்டும். அதற்கும் வெவ்வேறு அறைகளில் இருக்கும் இரண்டு பேர், சில வினாடிகளுக்குள் ஒருசேரப் பொத்தானை அழுத்தியாக வேண்டும். அழுத்தினார்கள். கலம் மேலே பறந்த சில வினாடிகளில் ராக்கெட் வெடித்துச் சிதறியது. உடல் எடையைப்போலப் பதினான்கு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கிய இருவரும் சுமார் 4 கி.மீ. தள்ளிப் பாராசூட்டில் வந்து இறங்கினார்கள். சோவியத் அரசு அப்போது இதை அறிவிக்கவேயில்லை. ஸ்திரெகாலொவ் மறுபடி பயிற்சிக்குப் போனார், நம் சர்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார், கிளம்பினார்.

இப்படிப்பட்ட ஆளை வீரர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது? ஆனாலும் விண்வெளிப் பயணத்தின் கதையை இந்த ஒரு வகை வீரத்தோடு நிறுத்திக்கொள்வது போதாது என்று நினைக்கிறேன். வெளியே இருக்கும் ஆபத்து 1961-இல் இருந்ததுதான் இன்றும். வெற்றிடம் அதே வெற்றிடம். வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழையும்போது எழும் வெப்பமும் அதேதான். மாறியிருப்பது தரையில். ஒருவர் எழுந்து "எனக்குப் பயமாக இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் அதைக் கேட்க ஆள் இருக்கிறதா என்பதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய தூரம். அந்தத் தூரத்தைக் கடக்கப் பல உயிர்களை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

தொடக்க காலத்தில் பயத்தை மறைத்து வைப்பதே வழக்கமாக இருந்தது. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடத்தில் பூமியைச் சுற்றி வந்தார். எடையற்ற நிலையில் மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். அதனால் கலத்தைக் கையால் இயக்கும் வசதி பூட்டப்பட்டு, அதைத் திறக்கும் எண் ஓர் உறைக்குள் வைத்து ஒட்டப்பட்டது. கிளம்பும் முன்பே உடனிருந்தவர்கள் மனசு கேட்காமல் எண்ணை அவரிடம் சொல்லிவிட்டார்கள். 125. திரும்பும் வழியில் கலத்தின் இரு பகுதிகளும் சரியாகப் பிரியாமல், கம்பிக்கற்றையில் தொங்கியபடி சில நிமிடங்கள் தாறுமாறாகச் சுழன்றன. கலத்தோடு தரையிறங்க வழியில்லாததால் ககாரின் 7 கி.மீ. உயரத்தில் வெளியே வீசப்பட்டுத் தனிப் பாராசூட்டில் இறங்கினார். இந்த விவரமும் வருடக்கணக்கில் வெளியே வரவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு மாதிரி. அங்கே எல்லாம் தொலைக்காட்சியில் நடந்தது. ஆனால் அவசரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ கலத்தில் கஸ் கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் ஒத்திகைக்காகத்தான் உட்கார்ந்தார்கள். ராக்கெட்டில் எரிபொருள் இல்லை, அதனால் அது ஆபத்தான சோதனை என்று வகைப்படுத்தப்படவே இல்லை. கலத்துக்குள் இருந்ததோ முழுக்க ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில். ஒரு பொறி போதுமானதாக இருந்தது. கதவு உள்பக்கமாகத் திறப்பது; அதைக் கழற்ற, எல்லாம் நல்லபடியாக இருந்தாலே ஒன்றரை நிமிடம் ஆகும். தீயின் அழுத்தத்தில் அதை அசைக்கக்கூட முடியவில்லை. மூவரும் போன பிறகு கதவு வெளிப்பக்கமாக, சில வினாடிகளில் திறக்கும்படி மாற்றி அமைக்கப்பட்டது.

அதே வருடம் ஏப்ரலில் சோவியத் வீரர் விளாதிமிர் கொமரொவ், பாராசூட் விரியாமல் கலத்தோடு தரையில் மோதி இறந்தார். 1971-இல் சோயுஸ் 11. தோப்ரவோல்ஸ்கி, வோல்கொவ், பத்ஸாயெவ் மூவரும் சல்யூட் விண்வெளி நிலையத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கிச் சாதனை படைத்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கலத்தின் பகுதிகள் பிரிந்தபோது, தரைக்குப் பக்கத்தில் திறந்திருக்க வேண்டிய காற்று வால்வு சுமார் 168 கி.மீ. உயரத்திலேயே திறந்துகொண்டது. கலம் எந்தக் குறையுமின்றி அழகாக இறங்கியது. மீட்புக் குழுவினர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது மூவரும் இருக்கையில் இருந்தார்கள், உயிர் இல்லை. அழுத்த உடை அணிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். ஆனால் உடையோடு மூன்று பேர் உட்கார அந்தக் கலத்தில் இடம் கிடையாது. மூன்று பேரை அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்தபோது உடையைத்தான் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு சோயுஸில் பல வருடங்கள் இரண்டே பேர்தான் போனார்கள், அழுத்த உடையோடு. ராகேஷ் சர்மா போவதற்குச் சில வருடங்கள் முன்புதான் புதிய வடிவக் கலம் வந்து, மூன்று பேர் உடையோடு போக முடிந்தது. அந்த மூவரின் சாவு நம் ஆளின் உடலைக் காத்த உடையாயிற்று என்று சொன்னால் மிகையில்லை.

இவையெல்லாம் தெரியாமல் நேர்ந்தவை என்று ஒருவர் வாதாடலாம். அமெரிக்காவின் சேலஞ்சர் ஷட்டில் விஷயத்தில் அப்படி வாதாட வழியே இல்லை.

1986 ஜனவரி 27 இரவு. புளோரிடாவில் கடும் குளிர். ஷட்டிலின் திட எரிபொருள் ராக்கெட்டைச் செய்த தயோக்கால் நிறுவனப் பொறியாளர்கள் யூட்டா மாநிலத்திலிருந்து தொலைபேசி வழிக் கூட்டத்தில் பேசினார்கள். ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும், சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். ரோஜர் பாய்ஸ்ஜொலி முந்தைய பயணங்களில் புகை கசிந்த தடத்தின் படங்களை மேசையில் வைத்துக் காட்டினார். நாசா தரப்புக்கு இது பிடிக்கவில்லை. நிறுவனத்தின் மேலாளர்கள் தொலைபேசி இணைப்பைச் சற்று நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். பொறியாளர் யாரும் மனம் மாறவில்லை. மேலாளர்கள் நால்வர் மட்டும் தீர்மானித்து, ஏவலாம் என்றார்கள். கேப் கனவரலில் இருந்த அதே நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்ட், ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். அவருடைய மேலதிகாரி போட்டு அனுப்பினார். மறுநாள் காலை, கிளம்பிய 73-ஆவது வினாடியில் ஏழு பேர் போனார்கள்.

என்னைப் பொறுத்தவரை அந்த இரவின் மிகத் துணிச்சலான காரியம் மெக்டொனால்டின் அந்தப் போடாத கையெழுத்து. அதோடு நிற்காமல், விசாரணைக் குழுவின் முன் தானாக எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். நிறுவனம் அவரைப் பதவியிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகு வேலை திரும்பக் கிடைத்தது. அந்த இணைப்பைப் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பையும் அவர்தான் ஏற்றார். பாய்ஸ்ஜொலிக்கு அந்த அளவுக்குக்கூட அமையவில்லை. உடன் வேலை பார்த்தவர்களே அவரை ஒதுக்கினார்கள், வேலையை விட்டுப் போனார்.

ஒரு முறை பட்டால் புத்தி வந்துவிடும் என்பார்கள். வரவில்லை. பதினேழு வருடம் கழித்து, 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா ஷட்டில் கிளம்பிய 82-ஆவது வினாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த முக்கால் கிலோ எடையுள்ள நுரைக்கட்டி இடது இறக்கையில் மோதியது. படச்சுருளில் பார்த்த பொறியாளர்களுக்குக் கவலை. உளவுச் செயற்கைக்கோளைக் கொண்டு இறக்கையைப் படம் எடுத்துத் தாருங்கள் என்று வெவ்வேறு வழிகளில் மூன்று முறை கேட்டார்கள். மூன்றும் நிறைவேறவில்லை. ராட்னி ரோச்சா என்ற பொறியாளர் மனம் பொறுக்காமல் ஒரு மின்னஞ்சல் எழுதினார். பாதுகாப்பு இல்லையென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று நம் அலுவலகச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறார்களே, இது அவ்வளவு முக்கியமான விஷயம் என்ற பொருளில் எழுதினார். எழுதியவர் அனுப்பவில்லை. மேலே இருப்பவர்களைத் தாண்டிப் போகத் தயங்கினார்.

கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் இருந்த கலத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போனது. நுரை பட்டிருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை, பத்திரிகையாளர் கேட்டால் தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறோம் என்று. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கையில் கலம் உடைந்து சிதறியது. மோதலின் விளைவு முன்பே தெரிந்திருந்தால், அப்போது தயாராகிக்கொண்டிருந்த அட்லாண்டிஸ் ஷட்டிலை விரைவாக அனுப்பி அவர்களை மீட்டிருக்க வாய்ப்பு இருந்தது என்று விசாரணைக் குழு கணக்கிட்டுக் காட்டியது. நுரைக்கு இணையாக நாசாவின் நிர்வாகப் பழக்கமும் இந்த விபத்துக்குக் காரணம் என்று எழுதியது. கர்னாலிலிருந்து போன அந்தப் பெண்ணை நினைக்கும்போது, அனுப்பாமல் கிடந்த அந்த மின்னஞ்சலையும் நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இனி இன்றைய கதை. 2024 ஜூன் 5 அன்று சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் போயிங்கின் ஸ்டார்லைனரில் ஏறினார்கள். எட்டு நாள் வேலை. சர்வதேச விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது ஐந்து உந்துகருவிகள் நின்றுபோயின, ஹீலியம் கசிந்தது. பழைய நாளாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை: கலம் நிலையத்தை அடைந்துவிட்டதே, திரும்பியும் வந்துவிடும் என்றிருப்பார்கள். இந்த முறை இரண்டு மாதத்துக்கு மேல் சோதனையும் விவாதமும் நடந்தன. கலத்தைச் செய்த நிறுவனம் அதிலேயே வரலாம் என்று நம்பியது. நாசாவின் கூட்டத்தில் ஒவ்வொரு பிரிவினரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இருவரும் அதில் திரும்ப வேண்டாம் என்ற முடிவை ஆகஸ்ட் 24 அன்று அறிவித்தபோது நாசா தலைவர் பில் நெல்சன், சேலஞ்சரையும் கொலம்பியாவையும் பற்றி வெளிப்படையாகப் பேசினார். செப்டம்பரில் ஸ்டார்லைனர் ஆளில்லாமல் வந்து நியூ மெக்சிகோ பாலைவனத்தில் பத்திரமாக இறங்கியது.

பத்திரமாகத்தானே வந்தது, அவர்களையும் ஏற்றியிருக்கலாமே என்று அன்றைக்குப் பேசியவர்கள் உண்டு. இந்தப் பேச்சு என்னைக் கலங்க வைக்கிறது. சேலஞ்சருக்கு முன்பு அந்த ரப்பர் வளையம் கருகிய ஒவ்வொரு பயணமும் பத்திரமாகத்தான் முடிந்தது. நுரை பெயர்ந்த முந்தைய பயணங்களும் அப்படியே. பிழைத்து வந்ததையே பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டதுதான் இரண்டு முறையும் சேர்த்துப் பதினான்கு பேரைக் கொன்றது.

அவர்களைக் கூட்டிவர இரண்டு இருக்கையைக் காலியாக விட்டு மேலே போன டிராகன் கலத்தின் கமாண்டர் நிக் ஹேக். 2018 அக்டோபர் 11 அன்று அவரும் அலெக்ஸி ஒவ்சினினும் போன சோயுஸ், கிளம்பி இரண்டு நிமிடத்தில் பழுதாயிற்று. பக்கவாட்டு ராக்கெட் ஒன்று பிரியும்போது மோதியது. வளைந்திருந்த ஒரு சிறு உணரி ஊசிதான் காரணம். தப்பிக்கும் ஏற்பாடு தானாகவே இயங்கிக் கலத்தை விலக்கியது; இருவரும் கஸக்ஸ்தான் புல்வெளியில் இறங்கினார்கள். 1983-இல் அரசு அறிவிக்காமல் மூடியது போல இது மூடப்படவில்லை. உலகம் நேரலையில் பார்த்தது, மூன்று வாரத்தில் காரணம் வெளியானது. ஹேக் அடுத்த மார்ச்சிலேயே அதே ஒவ்சினினோடு மறுபடி போனார்.

நம் பக்கமும் ஒன்று நடந்தது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா போகவேண்டிய ஃபால்கன் 9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தது. அதை முழுதாகச் சரிசெய்து சோதித்துக் காட்டாமல் எங்கள் ஆளை அனுப்ப ஒப்பமாட்டோம் என்று இஸ்ரோ குழு உறுதியாக நின்றதாக அதன் தலைவர் நாராயணன் பிறகு சொன்னார். விருந்தாளியாகப் போன இடத்தில், நூற்றுக்கணக்கான முறை பறந்த ராக்கெட்டைப் பார்த்து நிறுத்துங்கள் என்று சொல்வது சாதாரணமில்லை. நாள் தள்ளிப்போனது. சுக்லா ஜூன் 25 அன்று கிளம்பி, ஜூலை 15 அன்று கடலில் பத்திரமாக இறங்கினார்.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் ககன்யான் 2022-க்குள் என்று சொன்னார்களே, எங்கே என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தப்பிக்கும் ஏற்பாட்டைச் சோதிக்க ஒரு சிறிய ராக்கெட் நின்றது. முதலில் வானிலை தாமதப்படுத்தியது. பிறகு ஏவ ஐந்து வினாடி இருக்கையில் கணினி தானாகவே நிறுத்தியது. என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, அன்று காலை பத்து மணிக்கே ஏவி, சுமார் 12 கி.மீ. உயரத்தில் கலத்தைப் பிரித்துப் பாராசூட்டில் வங்கக்கடலில் இறக்கினார்கள். திருநெல்வேலிக்குத் தெற்கே மகேந்திரகிரியில் மனிதர் ஏறும் ராக்கெட்டுக்கான சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினை, தகுதிக்குத் தேவையான 6,350 வினாடிக்குப் பதிலாக 8,810 வினாடி எரித்துப் பார்த்தார்கள். வருடங்கள் போனது இப்படிப்பட்ட வேலைக்கு. எனக்கு இதில் குறையில்லை.

இதற்கு மாறாக, 1981 ஏப்ரல் 12 அன்று ஷட்டில் முதன்முதலாக விண்வெளிக்குப் பறந்தபோது, ஆளில்லா விண்வெளிச் சோதனை எதுவும் முன்னால் நடக்கவில்லை. ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் அந்த முதல் பயணத்திலேயே உட்கார்ந்து போனார்கள். அந்தத் தொடக்கப் பயணங்களில் கலம் அழியும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்று என்று நாசா பல வருடம் கழித்துக் கணக்குப் போட்டது. ககன்யானில் ஆளில்லாப் பயணங்கள் முடிந்த பிறகுதான் மனிதர் ஏறுவார்கள். அதுவரை அந்த இருக்கையில் போகப்போவது வியோமித்ரா என்ற பெண்ணுருவ ரோபோ.