கேமில் அணுகுண்டு விழுந்தால் நகரம் என்ன ஆகும்?

‘சிவிலைசேஷன் 5’ கேமில் அணு ஆயுதம் சும்மா கிடைக்காது. முதலில் மன்ஹாட்டன் திட்டத்தை முடிக்கணும். கையில் யுரேனியமும் இருக்கணும்.

குண்டு விழுந்தால் நகரின் மக்கள்தொகை சட்டெனக் குறையும். சுற்றியுள்ள நிலத்தில் கதிரியக்கம் படியும். அணு ஏவுகணை என்றால் சின்ன நகரம் வரைபடத்திலிருந்தே காணாமல் போகலாம். ஒரு நாட்டின் முதல் தலைநகரம் மட்டும் தப்பும். பதுங்கு அறை கட்டியிருந்தால் மக்கள் இழப்பு 75% குறையும்.

அப்புறம்? தொழிலாளர்களை அனுப்பினால் சில சுற்றுகளில் நிலம் சுத்தம். மக்கள்தொகையும் மறுபடி ஏறும்.

நிஜம் அப்படி இல்லை. 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு வயது 2. அன்று உயிர் தப்பிய அந்தச் சிறுமி, 1955-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். பத்து வருடம் கழித்து வரும் இப்படியொரு மரணத்துக்கு கேமில் கணக்கே இல்லை.