உறையக் கூடாத இடத்தில் உறையும் இரத்தம்

தோட்டத்துப் பெண்ணுக்கு வயிற்றுப் பிள்ளை கலைந்துவிட்டால், லயத்தில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மலை ஏறினாள், கொழுந்துப் பாரம் சுமந்தாள், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே போனால் பழி முழுக்க அவள் தலையில் விழும். ஒருமுறை கரு கலைவது எங்கும் நடப்பதுதான். பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். ஆனால் அது திரும்பத் திரும்ப நடக்கும் பெண்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் இரத்தத்தில், உறைதலைக் குழப்பும் பிறபொருளெதிரிகள் காணப்படுகின்றன. பரிசோதனையும் மருந்தும் உள்ள நோய் இது.

இதன் பெயர் அன்டிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம். 1983இல் லண்டனில் டொக்டர் கிரஹாம் ஹியூஸ் விவரித்ததால் ஹியூஸ் நோய் என்றும் சொல்வார்கள். கிருமிகளோடு போராட வேண்டிய பிறபொருளெதிரிகள் இதில் சொந்த உடலின் மீதே பாய்கின்றன. கலச்சவ்வின் பொஸ்போலிப்பிட் கொழுப்பில் ஒட்டியிருக்கும் புரதங்களை அவை பற்றிக்கொள்ள, இரத்தக் குழாயின் உட்சுவரும் பிளேட்லெட்டுகளும் தூண்டப்பட்டு, காயமே இல்லாத இடத்தில் இரத்தம் கட்டியாகிறது. நச்சுக்கொடியும் பாதிக்கப்படுவதால் வயிற்றுச் சிசுவுக்குப் போக வேண்டியது போய்ச் சேராது.

அறிகுறிகள் பல. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாகும். நாள் முழுக்க சரிவில் நின்று கொழுந்து பறித்தால் இரண்டு கால்களும் வீங்கக்கூடும். ஒரு கால் மட்டும் வீங்கினால் அதை அலுப்பென்று தைலம் தேய்த்து விட்டுவிடக் கூடாது. அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் மூச்சு முட்டும், நெஞ்சு குத்தும். ஐம்பது வயதுக்கு முன்பே வரும் பக்கவாதம் இன்னோர் அடையாளம். தோலையும் பார்க்க வேண்டும். அப்புத்தளைக் குளிரில் பலருக்குக் கைகால் தோலில் ஊதா நிற வலைக்கோடுகள் தெரியும். அடுப்பருகே உட்கார்ந்தால் மறைந்துவிடும். உடம்பு சூடான பிறகும் மறையாத வலைக்கோடுகளை டொக்டரிடம் காட்டுவது நல்லது.

கர்ப்பிணி கிளினிக்கில் ஒரு முக்கியமான தடயம் கிடைக்கலாம். சிபிலிஸ் எனும் மேகநோயைக் கண்டறிய அங்கே எல்லாத் தாய்மாருக்கும் இரத்தம் எடுத்து வீ.டீ.ஆர்.எல். போன்ற பரிசோதனை செய்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்ததற்கு இத்தகைய பரிசோதனைகளே அடித்தளம். வீ.டீ.ஆர்.எல். பரிசோதனையில் சேர்க்கப்படும் கார்டியோலிப்பின், மாட்டின் இதயத்திலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொஸ்போலிப்பிட். சிபிலிஸ் நோயாளியின் இரத்தநீரை அதனுடன் கலந்தால் நுணுக்குக்காட்டியில் சிறு திரள்கள் தெரியும். ஹியூஸ் நோயின் பிறபொருளெதிரிகளும் அதே கொழுப்பைப் பற்றுவதால், சிபிலிஸ் இல்லாத பெண்ணுக்கும் திரள் தோன்றலாம். ஆகவே முதல் முடிவை மட்டும் வைத்து புருஷனும் பொஞ்சாதியும் ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டியதில்லை. சிபிலிஸ் கிருமிக்கே உரிய உறுதிப் பரிசோதனை அடுத்துச் செய்யப்படும். அதிலும் இல்லையென்று வந்து, கரு கலைந்த வரலாறும் இருந்தால், இந்த நோயை நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இது தவறிப்போவதற்குக் காரணம், அறிகுறிகள் ஒரே இடத்துக்கு வராததுதான். வீங்கிய கால் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறது. கலைந்த கரு மகப்பேற்று வார்ட்டுக்கு. பக்கவாதம் பதுளை பெரிய ஆஸ்பத்திரிக்கு. மூன்றும் ஒரே பெண்ணுடையவை என்று சேர்த்துச் சொல்லக்கூடியவர் அவளும் அவள் வீட்டாருமே. பிள்ளை தங்கவில்லை என்பதற்காகக் கிளினிக் கொப்பியைத் தூக்கி எறியாதீர்கள். பழைய துண்டுகளையும் சேர்த்து ஒரே பையில் வையுங்கள். அடுத்த முறை கர்ப்பம் தெரிந்தவுடன் மருத்துவ மாதிடம் எல்லாவற்றையும் காட்டுங்கள்.

இந்தப் பிறபொருளெதிரிகளைத் தேடும் இரத்தப் பரிசோதனைகள் மூன்று. தொற்று வந்தாலும் இவை சில காலம் தோன்றி மறையலாம் என்பதால், குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் பார்த்தே நோயை உறுதி செய்வார்கள். கர்ப்பத்தில் சிகிச்சை, குறைந்த அளவு அஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும். 1997இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதத்தினர் உயிருள்ள பிள்ளையைப் பெற்றார்கள். ஹெப்பாரினும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதத்தினர். முன்பே இரத்தக் கட்டி வந்தவர்களுக்கு வழக்கமாக வாபரின் மாத்திரை நீண்டகாலம் தேவைப்படும். வாபரின் சிசுவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பம் என்ற சந்தேகம் வந்தவுடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும். எந்த மருந்தையும் தானாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

திடீரென மூச்சு முட்டினாலும், முகம் கோணினாலும், ஒரு பக்கக் கைகால் விழுந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். மூன்று முறை கரு தங்காத பெண்ணுக்கு, அல்லது பத்து வாரம் தாண்டி ஒரு பிள்ளையைக் காரணம் தெரியாமல் இழந்தவளுக்கு, இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க எல்லா நியாயமும் உண்டு. அவளோடு கிளினிக்குக்குப் புருஷனும் மாமியாரும் சேர்ந்து போகட்டும். குற்றம் அவளுடையதல்ல என்பதை அவர்களும் டொக்டர் வாயால் கேட்க வேண்டும்.