42 மாதம் கழித்துக் கிடைத்த பென்சில்

'டைட்டானிக்' படத்தில் கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தனியாக நின்று கடிகாரத்தின் முள்ளைச் சரிசெய்வாரே, நினைவிருக்கிறதா? கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸ் அவர். அந்த இரவைப் பற்றி நிறையப் படித்தாயிற்று. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது, அவர் வேலை பழகிய முதல் ஐந்து வருடங்கள்.

1889 மே மாதம். பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் தளத்தில் பையன் பயிலுநராகச் சேர்கிறான். வயது 16. தாய்மாமன் வில்லியம் பிர்ரி அங்கே பங்குதாரர். மாமா கம்பெனி என்றால் மருமகனுக்கு முதல் நாளே நாற்காலி போட்டிருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அந்த மாமாவே 15 வயதில் அதே தளத்தில் பயிலுநராக நுழைந்தவர். சலுகை எதுவும் கிடைக்கவில்லை. காலை 4.50-க்கு எழுந்து, 6 மணிக்குத் தளத்தில் நிற்க வேண்டும்.

அவரை எங்கெங்கே அனுப்பினார்கள் என்பதை 1912-லேயே ஷான் புல்லக் எழுதிய வாழ்க்கை வரலாறு மாதக் கணக்கோடு சொல்கிறது. தச்சுப் பட்டறையில் மூன்று மாதம், அலமாரி செய்பவர்களோடு ஒரு மாதம், கப்பலுக்குள்ளேயே வேலை இரண்டு மாதம். பிறகு பண்டகசாலையில் இரண்டு மாதம். வருங்கால வடிவமைப்பாளருக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றலாம். காகிதத்தில் ஒரு கோடாக இருப்பது கையில் எவ்வளவு கனக்கும் என்பது அங்கேதான் தெரியும். கப்பலுக்கு எடைதானே எல்லாம்! பெயின்டர்கள், ஃபிட்டர்கள், வார்ப்பு மாதிரி செய்பவர்கள் என்று சுற்று நீள்கிறது. இரும்பு வேலைக்காரர்களோடு எட்டு மாதம், கொல்லர்களின் உலையடியில் எட்டு மாதம்.

இதில் இரண்டு மாதம் 'மோல்டு லாஃப்ட்' என்ற கூடத்தில். கப்பலின் வளைவுகளை முழு அளவில் தரையிலேயே வரையும் இடம் அது. ஓர் அடியைக் கால் அங்குலமாகச் சுருக்கிய வரைபடத்தில், அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு நிஜத்தில் 24 மில்லிமீட்டர். மேசையில் கண்ணுக்குப் படாத பிசகு, இங்கே காலடியில் வந்து நிற்கும். அந்தத் தரைக்கோட்டைப் பார்த்துத்தான் அச்சுப்பலகை வெட்டுவார்கள். பலகையைப் பார்த்து இரும்பை வளைப்பார்கள்.

இப்படி 42 மாதம் ஆன பிறகே வரைபட அலுவலகம். அங்கே 18 மாதம். ஆக, சரியாக ஐந்து வருடம். இடையில் இரவு நேரங்களில் இயந்திரவியலும் கப்பல் கட்டுமானக் கோட்பாடும் படித்தார். பின்னாளில் வடிவமைப்புப் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது.

1912 ஏப்ரல், டைட்டானிக்கின் முதல் பயணம். முதல் வகுப்புப் பயணிதான். ஆனால் குறிப்பேடும் கையுமாகவே திரிந்தார். அறைகளில் தொப்பி மாட்டும் கொக்கிகளுக்குத் திருகாணி அதிகம் என்று எழுதிவைத்தார். தச்சுப் பட்டறையில் மூன்று மாதம் கழித்தவருக்கே அது உறுத்தும் என்பது என் எண்ணம்.

14-ஆம் தேதி இரவு 11.40-க்குப் பனிப்பாறை உரசியதும், கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். முன்பக்கத்தில் நான்கு தடுப்பறைகள் வரை நிரம்பினாலும் கப்பல் மிதக்கும். நீர் அதற்கும் அப்பால் போயிருந்தது. ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை என்று கேப்டனிடம் சொன்னார். உரசியதிலிருந்து இரண்டு மணி நாற்பது நிமிடம் தாங்கியது.

புதுக் கப்பலில் எழும் குறைகளைக் கவனிக்க அவரோடு தளத்திலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் நால்வர் பயிலுநர்கள்: தச்சு, ஃபிட்டர், குழாய், மின்சார வேலை பழகிக்கொண்டிருந்த பையன்கள். ஒன்பது பேரில் ஒருவரும் திரும்பவில்லை.