அத்தையின் குரல் எங்கிருந்து வருகிறது?

அரக்கோணத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனுக்குச் சில மாதங்களாகக் காதில் குரல் கேட்கிறது. இறந்துபோன அத்தையின் குரல். "எழுந்திரு, போய்க் குளி" என்று அதட்டுகிறதாம். அக்கம்பக்கத்தார் சோளிங்கர் மலைக்கோவிலுக்கு அழைத்துப்போகச் சொல்கிறார்கள். உறவினர் ஒருவர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். "இது என்ன நோய்?" என்று கேட்கிறார் அந்த அம்மா.

குரல் கேட்பது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. கூடவே என்ன வருகிறது என்று பார்த்துத்தான் நோய்க்குப் பெயர் சொல்ல முடியும். வாரக்கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு, "நீ எதற்கும் லாயக்கில்லை" என்று குரல் கேட்டால் கடுமையான மனச்சோர்வாக இருக்கலாம். தூங்காமலே சுறுசுறுப்பு, நிற்காத பேச்சு, கட்டுமீறிய செலவு, "நீதான் அவதாரம்" என்று ஒரு குரல் என்றால், இருமுனைக் கோளாறின் எழுச்சிக் கட்டம். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டால் அது உயிருக்கே ஆபத்தான சன்னி; அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கணவரை இழந்தவர் ஓரிரு முறை அவர் கூப்பிடும் குரலைக் கேட்பதோ நோயே இல்லை. எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர் நாற்பது தடவை கை கழுவுவார். அவருக்குள்ளும் ஓயாத கட்டளை உண்டு. ஆனால் அது தன் எண்ணம்தான் என்று பெரும்பாலும் அவருக்குத் தெரியும்.

குரல் கேட்கும் இன்னொரு நோய் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). அதில் தடுமாறுவது அந்தத் 'தன்' என்ற முத்திரை. எனக்குத் தெரிந்து மூளையின் ஆக அழகான ஏற்பாடு அது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணின் ஓரத்தை இமைமேல் விரல் வைத்து மெல்ல அசைத்துப் பாருங்கள். அறையே ஆடும். விரலை எடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் உருட்டுங்கள், ஆடாது. இரண்டு தடவையும் விழித்திரையில் பிம்பம் நகரத்தான் செய்தது. இரண்டாம் தடவை மட்டும், கண்ணுக்கு உத்தரவு போகும்போதே அதன் நகல் ஒன்று பார்வைப் பகுதிக்கும் போய்விட்டது: 'நகர்த்துவது நாம்தான், பதறாதே.' 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை யோசித்தார். 1950இல் அமெரிக்காவில் ஸ்பெர்ரியும் ஜெர்மனியில் ஃபான் ஹோல்ஸ்டும் மிட்டல்ஸ்டேட்டும் சோதனையில் காட்டினார்கள். சில்வண்டிடமும் இந்த ஏற்பாடு உண்டு. அதன் காது முன்னங்காலில் இருக்கிறது. இறக்கையை உரசி அது எழுப்பும் சத்தமோ அதன் காதையே அடைக்கக்கூடியது. பாடும் கணத்தில் மட்டும் தன் செவிப் பாதையை அடக்கிவைக்க அதனிடம் ஒரே ஒரு நரம்பணு இருக்கிறது. 2006இல் கேம்பிரிட்ஜில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அரக்கோணத்துக்காரர்களுக்கு ஜங்ஷனைக் காட்டியே சொல்லலாம். சென்னையிலிருந்து வரும் பாதை ஜோலார்பேட்டைக்கும் ரேணிகுண்டாவுக்கும் பிரிய, செங்கல்பட்டுப் பாதையும் வந்து சேரும் இடம். ரயிலை விடுமுன் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் வாங்க வேண்டும். மூளையின் பேச்சுப் பகுதியும் அப்படித்தான் செவிப்புலப் பகுதிக்கு முன்கூட்டித் தகவல் தருகிறது. தகவல் போகவில்லை என்று வையுங்கள். இங்கிருந்து கிளம்பிய வண்டியே அங்கே முன்பின் தெரியாத வண்டியாக வந்து நிற்கும். அனுப்பியது யார் என்று ஸ்டேஷன் மாஸ்டர் தேடுவார். வழக்கமான நேரத்தில் வந்தால் பழைய சிநேகிதர் அனுப்பியது என்பார், நள்ளிரவில் வந்தால் எதிரியின் சதி என்பார். அன்று ரேடியோவையும் இன்று செல்போன் டவரையும் நோயாளிகள் காரணம் காட்டுவது இதனால்தான். வண்டி வந்தது அவர் காதுக்கு நிஜம். "எல்லாம் உன் பிரமை" என்று சொல்லி அதை இல்லையென்று ஆக்க முடியாது.

இந்த விளக்கத்துக்கு ஆதாரம் உண்டு. நாம் பேசும்போது, சொந்தக் குரலுக்கு மூளை தரும் மின் எதிரொலி தணிகிறது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் அந்தத் தணிவு குறைவு. ஆனால் இது பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. ஒருவரின் மூளை மின் வரைபடத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது. ஸ்கேனில் மூளைக் கட்டி போன்றவை உண்டா என்று பார்க்கலாம். மனச்சிதைவைக் காட்டும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இன்றுவரை இல்லை. 'மூளையைப் படமெடுத்து மனநோயைச் சொல்கிறோம்' என்ற விளம்பரத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

அது ஏன் அத்தையின் குரல்? இதற்கு நரம்பணுவிடம் பதில் இல்லை. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் மனச்சிதைவு ஆய்வு அமைப்பின் பத்மாவதியும் ஹேமா தரூரும், அமெரிக்க மானுடவியலாளர் டான்யா லுர்மனும் மற்றவர்களும் சேர்ந்து, சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மாட்டியோ ஆகிய ஊர்களில் குரல் கேட்கும் நோயாளிகள் ஊருக்கு 20 பேரிடம் பேசி 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் முகம் தெரியாத வன்முறைக் குரல்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள். சென்னையிலோ பாதிப்பேருக்கு மேல் சொந்தக்காரர்கள்: சமை, பெருக்கு, குளி என்று ஏவுகிறவர்கள். ஊருக்கு 20 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை, பெரிய முடிவுக்கு அவசரப்படக் கூடாது. ஆனாலும் அந்த அம்மாவின் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உடனே இதுதான் நினைவுக்கு வந்தது.

சோளிங்கருக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். தக்கான் குளத்தில் முழுகி மலையேறி ஆறுதல் பெற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. மருத்துவர் மாத்திரை தந்திருந்தால் அதையும் பையில் எடுத்துப் போங்கள். கட்டிப்போடும் இடத்தில் மட்டும் ஒருநாளும் விடாதீர்கள். ஏர்வாடியில் அப்படியொரு மனநலக் காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியோடு கிடந்த 28 பேர் கருகிப்போனார்கள்.

அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். மனநல மருத்துவரிடம் போகுமுன் மகனிடம் உட்கார்ந்து கேளுங்கள்: அத்தை எப்போதெல்லாம் பேசுகிறாள், குளி என்பதோடு வேறு என்ன சொல்கிறாள்? சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். சாகச் சொல்கிறாள், யாரையாவது அடிக்கச் சொல்கிறாள் என்றால் காலைவரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே கிளம்புங்கள்.